ஆறு சரியா ஓடினா, டிராகனும் நிஜமாகும்! - ஃபேன்டசி மேப் வரையக் கத்துக்கலாம் வாங்க

ஃபேன்டசி நாவல் எதையாவது கையில் எடுங்க. முதல் அத்தியாயத்துக்கு முன்னாடியே ஒரு பக்கம் நம்மைப் பிடிச்சு நிறுத்திடும். கூரான மலைகள், வளைஞ்சு நெளிஞ்சு ஓடும் ஆறுகள், கடல் ஓரத்தில் தலைதூக்கும் ஒரு பாம்பு, ஓர் ஓரத்தில் திசைகாட்டி. கதையில் ஒரு வரிகூடப் படிக்கலை, ஆனா 'இந்த மலையைத் தாண்டினா என்ன இருக்கும்?'னு மனசு கிளம்பிடும். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' சீரியலின் டைட்டில் காட்சியே ஒரு மேப் மேல பறந்து போற மாதிரிதானே!

அந்த மாதிரி ஒரு மேப்பை நாமே வரைய முடியுமா? தாராளமா முடியும். 'எனக்கு நேர்க்கோடே வராது பாஸ்'னு சொல்றவங்களுக்கு ஒரு நல்ல செய்தி... இந்த மேப்பில் நேர்க்கோடே தேவையில்லை. கை நடுங்கினா கடற்கரை இன்னும் நல்லா வரும்!

ஓவியத் திறமையைவிட இதுக்கு முக்கியமா வேண்டியது ஒரு கேள்வி: 'ஏன் இங்கே?' இந்த மலை ஏன் இங்கே இருக்கு, இந்த ஊர் ஏன் இங்கே உருவாச்சு, இந்தச் சாலை ஏன் இப்படி வளையுது? ஒவ்வொரு கோட்டுக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தா, அந்த மேப்பைப் பார்க்கிறவங்க உங்க உலகத்தை நம்பிடுவாங்க. அதுக்கப்புறம் டிராகனைப் போட்டாலும் நம்புவாங்க.

மேப் முதலில், கதை அப்புறம்!

1881-ம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் பிரேமர் கிராமம். வெளியே ஓயாத மழை. எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், தன் மனைவியின் மகன் லாய்டுடன் சேர்ந்து பெயின்ட் அடித்துப் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு தீவின் மேப்பை வரைந்தார். அதைப் பார்க்கப் பார்க்கக் காடுகளுக்கு நடுவில் கடற்கொள்ளையர்கள் நடமாடுவது போல அவருக்குத் தோன்றியது. உடனே அத்தியாயங்களின் பட்டியலை எழுத ஆரம்பித்தார். அதுதான் 'ட்ரெஷர் ஐலேண்ட்'. 1883-ல் புத்தகமாக வந்தது.

இதில் ஒரு சோகமும் உண்டு. பதிப்பகத்துக்கு அனுப்பிய அந்த ஒரிஜினல் மேப் போய்ச் சேரவேயில்லை. கதையில் வரும் ஒவ்வொரு குறிப்பையும் தேடிப் பார்த்து, அதற்குப் பொருந்துகிற மாதிரி மேப்பை மறுபடி வரைய வேண்டியதாயிற்று. மேப்பைப் பார்த்துக் கதை எழுதுவது சுலபம், கதையைப் பார்த்து மேப் வரைவது பெரும்பாடு என்று அவருக்குப் புரிந்தது அப்போதுதான்.

டோல்கீனும் இதே கட்சிதான். 1937-ல் வந்த 'தி ஹாபிட்' நாவலின் மேப்களை அவரே வரைந்தார். 1954-55-ல் மூன்று பாகங்களாக வெளிவந்த 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலுக்கு, அப்பாவின் ஸ்கெட்ச்களை வைத்து மகன் கிறிஸ்டோபர் மேப் வரைந்தார். எந்தக் கதாபாத்திரம் எந்த நாளில் எவ்வளவு தூரம் நடந்திருக்கும் என்பதுவரை டோல்கீன் கணக்கு வைத்திருந்தார். 1970-ல் ஓவியர் பாலின் பேய்ன்ஸ் அந்த உலகத்துக்கு ஒரு போஸ்டர் மேப் வரைந்தபோது, ஹாபிட்களின் ஊர் ஏறக்குறைய ஆக்ஸ்ஃபோர்டின் அட்சரேகையில் இருக்கிறது என்று டோல்கீன் குறிப்பு எழுதிக் கொடுத்தார். அங்கே என்ன மரம் வளரும், என்ன குளிர் அடிக்கும் என்பதெல்லாம் அந்த ஒரு குறிப்பிலேயே தெரிந்துவிடும் இல்லையா? 'ஏன் இங்கே?' என்ற கேள்வியின் பவர் அதுதான்.

உர்சுலா லெ குவின்னும் 'எர்த்ஸீ' தீவுகளின் மேப்பை வரைந்துகொண்டுதான் கதையைத் தொடங்கினார்.

என்னென்ன வேணும்?

ரொம்பச் செலவில்லை.

* ஏ4 அளவில் கொஞ்சம் தடிமனான தாள். ஸ்டேஷனரி கடையில் 'கார்ட்ரிட்ஜ் பேப்பர்'னு கேளுங்க.
* ஹெச்பி பென்சில், நல்ல ரப்பர்.
* வாட்டர்ப்ரூஃப் ஃபைன்லைனர் பேனா மூணு: மெல்லிசு, நடுத்தரம், தடிமன். பட்ஜெட் இல்லைன்னா ஒரு மெல்லிசு, ஒரு தடிமன் போதும்.
* ஒரு கைப்பிடி துவரம்பருப்பு. ஏன்னு பின்னாடி சொல்றேன்!

போனிலேயே வரையணுமா? 'ஐபிஸ் பெயின்ட் எக்ஸ்' மாதிரி லேயர் வசதி உள்ள டிராயிங் ஆப் போதும். கம்ப்யூட்டரில்னா 'கிரிட்டா' இலவசம். ஆனா முதல் ரெண்டு மேப்பைத் தாளில் போட்டுப் பழகிட்டு ஆப்புக்குப் போங்க. சின்ன ஸ்க்ரீனில் ஜூம் பண்ணிப் பண்ணி ஒரு மலையையே ஒரு மணி நேரம் வரைஞ்சிட்டு இருப்போம், முழு உலகமும் கண்ணுக்குத் தெரியாது.

ஸ்டெப் 1: பருப்பைக் கொட்டி ஒரு தீவு

தாளை மேசை மேல வெச்சு, கைப்பிடி துவரம்பருப்பை அரையடி உயரத்திலிருந்து நடுவில் கொட்டுங்க. பருப்பு விழுந்த குவியலைச் சுத்திப் பென்சிலால கோடு போடுங்க. தனியா சிதறின நாலஞ்சு பருப்பையும் சுத்திப் போடுங்க. பருப்பைத் திரும்ப டப்பாவில் போட்டுடுங்க. தாளில் இப்போ ஒரு கண்டமும், பக்கத்தில் சில குட்டித் தீவுகளும் ரெடி!

ஏன் இந்தச் சுத்துவழி? நாமா யோசிச்சு வரைஞ்சா, கை தானா ஒரு உருளைக்கிழங்கு வடிவத்தைத்தான் போடும். பருப்பு அப்படி யோசிக்காது.

அந்தக் கோட்டுக்கு மேல இன்னொரு முறை, கையைத் தளர்வா பிடிச்சு, சின்னச் சின்ன நடுக்கத்தோட வரைங்க. நிஜக் கடற்கரையில் பெரிய வளைகுடாவுக்குள் சின்ன வளைகுடா, அதுக்குள் இன்னும் சின்னதுனு போய்க்கிட்டே இருக்கும். 'பிரிட்டன் கடற்கரையின் நீளம் எவ்வளவு?' என்று 1967-ல் கணித அறிஞர் மேண்டல்பிராட் ஒரு கட்டுரையே எழுதினார். அளக்கிற ஸ்கேல் சின்னதாக ஆக ஆக, கடற்கரையின் நீளம் கூடிக்கொண்டே போகும் என்பதுதான் அதன் சாரம்.

ஆனா எல்லா கரையும் ஒரே மாதிரி நெளியாது. பனியாறுகள் குடைஞ்ச நார்வே கரை சீப்புப் பல் மாதிரி இருக்கும். மணல் நிறைஞ்ச நம்ம சோழமண்டலக் கரை ஏறக்குறைய வழவழன்னு போகும். உங்க மேப்பிலும் குளிர்ப்பக்கத்தைக் கிழிசலாவும், மணல்பக்கத்தை மென்மையாவும் விடுங்க.

ஸ்டெப் 2: மலைகளை வரிசையா நிறுத்துங்க

புதுசா வரையறவங்க செய்யும் முதல் வேலை, மலைகளைக் கடுகு தாளிச்ச மாதிரி எங்கே பார்த்தாலும் தெளிச்சு விடுறது. நிஜத்தில் பெரிய மலைகள் பெரும்பாலும் தொடராத்தான் இருக்கும். இந்தியப் பாறைத்தட்டு யூரேசியத் தட்டை முட்டித் தள்ளியதில் மடிந்து எழுந்ததுதான் இமயமலை. துணியை ரெண்டு பக்கமிருந்து தள்ளினா நடுவில் மடிப்பு வரிசையா எழுமே, அந்த மாதிரி. அதனால மேப்பில் முதலில் ஒரு வளைஞ்ச முதுகெலும்புக் கோடு போடுங்க. அதன் மேலதான் மலைகள்.

ஒரு மலையை எப்படி வரையறது?

* தலைகீழ் 'வி' வடிவம் ஒண்ணு. ரெண்டு பக்கமும் கொஞ்சம் கோணல்மாணலா இருக்கட்டும்.
* உச்சியிலிருந்து கீழே, பாம்பு மாதிரி நெளியும் ஒரு கோடு. இதுதான் மலையின் முதுகு.
* அந்தக் கோட்டுக்கு வலப்பக்கம் மட்டும் சரிவா சில மெல்லிய கோடுகள். இதுதான் நிழல்.

அவ்வளவுதான். வெளிச்சம் இடப்பக்க மேல்மூலையிலிருந்து வருதுன்னு முடிவு பண்ணிட்டா, எல்லா மலைக்கும் நிழல் வலப்பக்கம்தான். ஒரு மலைக்கு மட்டும் மாத்திப் போட்டா, முழுத் தொடரும் குழம்பித் தெரியும்.

இன்னொரு டிப்ஸ்: தாளின் கீழிருந்து மேலே வரைஞ்சுக்கிட்டுப் போங்க. முன்னாடி இருக்கிற மலையை முதலில் முடிச்சிட்டா, பின்னாடி மலையின் கோடு அதைத் தொட்டதும் நிறுத்திடலாம். அழிக்கிற வேலை மிச்சம்.

ஸ்டெப் 3: ஆறு பொய் சொல்லாது

ஒரு ஃபேன்டசி மேப் தேறுமா தேறாதான்னு விஷயம் தெரிஞ்சவங்க முதலில் பார்க்கிறது ஆறுகளைத்தான். நாலே விதிகள்:

1. ஆறு மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். மலையில் பிறந்து கடலிலோ ஏரியிலோ முடியும்.
2. போகிற வழியில் ஆறுகள் ஒண்ணோட ஒண்ணு சேரும். நடுவழியில் ரெண்டா பிரிஞ்சு வேற வேற கடலுக்குப் போகாது.
3. ஒரு கடலில் தொடங்கி நாட்டைக் குறுக்கே வெட்டி இன்னொரு கடலில் முடிஞ்சா, அது ஆறில்லை, ஜலசந்தி.
4. ஏரிக்குள் எத்தனை ஆறு வேணும்னாலும் வரலாம். வெளியே போறது பொதுவா ஒண்ணுதான்.

பாடமா எடுத்துக்க நம்ம காவிரியைவிட நல்ல ஆறு கிடைக்காது. குடகு மலையில் தலைக்காவிரியில் பிறக்குது. அங்கிருந்து அரபிக்கடல்தான் பக்கம். ஆனா காவிரி அந்தப் பக்கம் போகலை. மலைத்தொடரின் சரிவு கிழக்கே இருக்கிறதால, சுமார் 800 கிலோமீட்டர் ஓடி வந்து வங்கக்கடலில் சேருது. ஆறு பக்கத்துக் கடலைத் தேடாது, சரிவைத்தான் தேடும். வழியில் பவானி, நொய்யல், அமராவதியெல்லாம் வந்து சேருது. திருச்சியை நெருங்கும்போது, தரை சமமானதும்தான் கொள்ளிடம் பிரியுது. அந்த ரெண்டு ஆறுகளுக்கு நடுவில் உருவான தீவுதான் ஸ்ரீரங்கம். அதுக்குக் கீழே விரியுது டெல்டா. ஆறு கிளை பிரியலாம்னா அது இந்த மாதிரி கடலை நெருங்கும் சமவெளியில்தான்.

விதிவிலக்கே இல்லையா? இருக்கு. வெனிசுலாவில் ஓரினோகோ ஆற்றிலிருந்து காசிகியாரே என்ற கிளை பிரிஞ்சு போய், அமேசானின் துணையாறான ரியோ நெக்ரோவில் சேருது. ஆனா உலகப் பிரசித்தமா பேசப்படும் அளவுக்கு அது அபூர்வம். உங்க மேப்பில் அப்படி ஒண்ணு வேணும்னா வைங்க, அதுக்கு ஒரு கதையும் வைங்க. மந்திரவாதி பண்ண வேலைன்னு சொல்லிக்கலாம், தப்பில்லை!

வரையும்போது ஆற்றை மலையிலிருந்து தொடங்காம, கடலிலிருந்து மலைக்கு ஏறிப் போற மாதிரி வரைஞ்சு பாருங்க. மரக்கிளை மாதிரி பிரிச்சுக்கிட்டே போகலாம், சேர்க்கை தானா சரியா வந்துடும். மலையில் மெல்லிசு, கடலோரம் தடிமன்.

ஸ்டெப் 4: மழை எந்தப் பக்கம்?

காடு எங்கே, பாலைவனம் எங்கேன்னு முடிவு பண்ண ஒரே ஒரு அம்புக்குறி போதும்: காற்று வீசும் திசை. கடலிலிருந்து ஈரக்காற்று வந்து மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மழையா கொட்டும். மலையைத் தாண்டினதும் காற்றில் ஈரம் குறைஞ்சிடும். தென்மேற்குப் பருவமழையில் கேரளா நனையும்போது, மலைக்கு இந்தப் பக்கம் நமக்கு வெறும் காற்று மட்டும் வருதே... அதே கதைதான். அதனால மலையின் ஈரப்பக்கம் அடர்காடு, மறுபக்கம் புல்வெளி, அதுக்கும் அப்பால வறண்ட நிலம்.

ஸ்கூலில் மனப்பாடம் பண்ண ஐந்திணையை இங்கே எடுத்துக்கங்க. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை... மலை, காடு, வயல், கடல், வறண்ட நிலம். ஒவ்வொண்ணுக்கும் தனி மக்கள், தொழில், பூ, பறவை, தெய்வம் என்று நம்ம இலக்கியம் பிரிச்சு வெச்சிருக்கு. ஃபேன்டசி எழுத்தாளர்கள் 'வேர்ல்டு பில்டிங்'னு மண்டையை உடைச்சுக்கிற வேலை இது. ஒரே தீவில் ஐந்து திணையையும் வைக்கணும்னு ஒரு பயிற்சி வெச்சுக்கங்க. குறிஞ்சியிலிருந்து ஓடை இறங்கி முல்லையைக் கடந்து மருதத்தில் ஆறாகி நெய்தலில் கடலைச் சேரும். பாலை எங்கே? மலைக்குப் பின்னாடி, மழை எட்டாத பக்கம். இப்போ உங்க மேப் தானா கதை சொல்ல ஆரம்பிச்சிருக்கும்.

காடு வரைய ஒவ்வொரு மரமா போட வேணாம். மேகம் மாதிரி சுருள் சுருளா ஒரு வெளிக்கோடு, கீழ்விளிம்பில் மட்டும் சின்னச் சின்னத் தண்டுகள், உள்ளே அங்கங்கே சில சுருள். தூரத்திலிருந்து பார்த்தா அடர்காடு!

ஸ்டெப் 5: ஊர்களை வையுங்க, காரணத்தோட

நல்ல தண்ணி, கப்பல் நிக்கிற துறை, மலைக்கணவாய், ரெண்டு ஆறு சேருமிடம், பாலம்... பெரிய ஊர்கள் இந்த மாதிரி இடங்களில்தான் முளைக்கும். தேம்ஸ் நதியில் ரோமானியர்கள் பாலம் கட்டின இடத்தில் வளர்ந்தது லண்டன். கருங்கடலுக்குப் போகும் ஜலசந்தியின் கரையில் உட்கார்ந்திருக்கு இஸ்தான்புல். மேற்குத் தொடர்ச்சி மலையின் பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கு வாசல் மாதிரி இருக்கு கோவை.

சாலைகள் சோம்பேறிகள். மலை மேல ஏறாம கணவாயைத் தேடும், ஆற்றைக் குறுகலான இடத்தில்தான் தாண்டும். இப்படிச் சாலை போட்டீங்கன்னா, எந்த ஊரில் சுங்கம் வசூலிப்பாங்க, எந்தக் கணவாய்க்காகச் சண்டை நடக்கும்னு மேப்பே சொல்லிடும்.

ஸ்கேலும் முக்கியம். நல்ல பாதையில் ஒருத்தர் நாளைக்கு 25-30 கிலோமீட்டர் நடக்கலாம். மலைப்பாதையில் அதில் பாதி. 'இந்த ஒரு சென்டிமீட்டர் ஒரு நாள் நடை'ன்னு வெச்சுக்கிட்டா, உங்க ஹீரோ ராத்திரியோட ராத்திரியா நாட்டையே கடந்துட்டான்னு யாரும் கலாய்க்க முடியாது.

ஸ்டெப் 6: பேர் வைக்கிறது ஒரு கலை

'ஸ்டார்ம்லேண்ட்', 'டார்க்வுட்'னு இங்கிலீஷ் நாவலிலிருந்து இரவல் வாங்க வேணாம். ஊர்ப்பேர்னாலே அர்த்தம் சொல்ற மொழி நம்மளுது. பட்டினம்னா கடற்கரை ஊர். துறைன்னா படகு நிக்கும் இடம். ஏரி, குளம், ஊருணின்னா நீர்நிலை. கோட்டைன்னா காவல். 'மங்கலம்'னு முடிஞ்சா அரசர்கள் பிராமணர்களுக்குத் தானமா கொடுத்த ஊரா இருக்க வாய்ப்பு அதிகம். உங்க கற்பனை நாட்டிலும், ஒரு பகுதி ஊர்களெல்லாம் ஒரே மாதிரி முடியட்டும். எல்லையைத் தாண்டினா முடிவு மாறட்டும். 'இங்கே வேற மக்கள் வாழறாங்க'ன்னு ஒரு வார்த்தைகூட எழுதாம புரியவைக்கலாம்.

தமிழில் எழுதும்போது கவனிக்க வேண்டியவை:

* தமிழ் எழுத்துகள் அகலமானவை. 'கோ', 'ணை' எல்லாம் நிறைய இடம் கேட்கும். அதனால மலை, மரத்தை மை போடுறதுக்கு முன்னாடியே பேர்களைப் பென்சிலில் எழுதி இடம் பிடிச்சு வைங்க.
* ரொம்பச் சின்னதா எழுதினா சுழிகள் மையில் அடைஞ்சிடும், புள்ளி காணாமப் போயிடும். புள்ளியைக் கடைசியில், மெல்லிசு பேனாவால் தனியா வைங்க.
* ஆற்றின் பேர் ஆற்றோட சேர்ந்து வளையட்டும். கடலின் பேர் பெருசா, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியோட பரவட்டும்.
* நீர்நிலைகளின் பேரைக் கொஞ்சம் சாய்வா எழுதறது மேப் உலகின் பழைய வழக்கம்.

ஸ்டெப் 7: மை போடுங்க, அழிங்க, அலங்கரிங்க

கடற்கரைக்குத் தடிமன் பேனா, மலைக்கு நடுத்தரம், ஆறு, மரம், நிழலுக்கு மெல்லிசு. எல்லா கோடும் ஒரே தடிமனா இருந்தா நிலம் எது, கடல் எதுன்னு கண்ணுக்குப் பிடிபடாது. மை நல்லா காய்ஞ்ச பிறகு பென்சிலை அழிங்க. அவசரப்பட்டா மொத்தமும் இழுவி நாசமாகிடும். கடற்கரைக்கு வெளியே அதே வடிவில் ரெண்டு மூணு மெல்லிய கோடு, இடைவெளி கூடிக்கிட்டே போற மாதிரி போட்டா அலை ரெடி.

திசைகாட்டி வையுங்க. ஆனா வடக்கு மேலேதான் இருக்கணும்னு சட்டம் இல்லை. சுமார் 1300-ல் வரையப்பட்ட இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட் உலக வரைபடத்தில் கிழக்கு மேலே இருக்கிறது. 1154-ல் அல் இத்ரீஸி முடித்த உலக வரைபடத்தில் தெற்கு மேலே. 'தி ஹாபிட்'டில் குள்ளர்களின் மேப்பிலும் கிழக்குதான் மேலே.

கடல் காலியா இருக்கா? 1539-ல் ஓலாஸ் மாக்னஸ் வெளியிட்ட 'கார்ட்டா மரீனா' மேப்பைத் தேடிப் பாருங்க. ஸ்காண்டிநேவியக் கடல் முழுக்கக் கப்பலைச் சுற்றி வளைக்கும் பாம்பும், கொம்பு முளைச்ச மீனும்தான். 'இங்கே டிராகன்கள் உண்டு'ன்னு பழைய மேப்களிலெல்லாம் எழுதியிருக்கும்னு ஒரு நம்பிக்கை உண்டு. உண்மையில் அது அபூர்வம். சுமார் 1510-ஐச் சேர்ந்த, நியூயார்க் பொது நூலகத்தில் உள்ள ஒரு குட்டிச் செம்பு உலக உருண்டையில் அந்த லத்தீன் வாசகம் இருப்பதுதான் பிரபலமான உதாரணம்.

பழைய காகித லுக் வேணுமா? வரையறதுக்கு முன்னாடியே பால் இல்லாத டீ டிகாக்‌ஷனைத் தாளில் தடவி, நல்லா காயவெச்சு, கனமான புத்தகங்களுக்கு அடியில் வைங்க. வரைஞ்ச பிறகு தடவணும்னா பேனா வாட்டர்ப்ரூஃபா இருக்கணும். அதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, ப்ளீஸ்!

போனில் முடிக்க ஈஸி வழி

பென்சில் ஸ்கெட்ச்சை ஜன்னல் பக்கத்துப் பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து போட்டோ எடுங்க. ஆப்பில் அதை அடி லேயரா வெச்சு, மங்கலாக்குங்க. மேல தனித்தனி லேயர்: கடற்கரை ஒண்ணு, மலை ஒண்ணு, ஆறு ஒண்ணு, பேர்கள் ஒண்ணு. பிடிக்கலைன்னா ஒரு லேயரை மட்டும் தூக்கிடலாம். ஒரு மலையையும் மரத்தையும் நாலஞ்சு விதமா வரைஞ்சு, காப்பி பண்ணி வைக்கலாம். ஒரே மலையையே நூறு தடவை ஒட்டினா மட்டும் காட்டிக்கொடுத்துடும்.

வரையவே வேணாம், டூல் போதும்னா 'இன்கார்னேட்' பிரவுசரிலேயே ஓடும், இலவச வெர்ஷன் இருக்கு. 'வண்டர்டிராஃப்ட்' காசு கொடுத்து வாங்குற சாஃப்ட்வேர். 'அஸ்கார்' ஃபேன்டசி மேப் ஜெனரேட்டர் இலவசம், ஒரு க்ளிக்கில் ஒரு உலகத்தையே போட்டுக் கொடுக்கும். ஐடியா வராதப்போ அதைப் பார்த்து வரையலாம்.

அப்போ ஏ.ஐ. எதுக்கு இருக்கு?

நியாயமான கேள்வி. ரெண்டு வரி டைப் பண்ணினா பளபளன்னு ஒரு மேப் வந்துடும். அழகாவும் இருக்கும். ஆனா 'இந்த ஊர் ஏன் இங்கே இருக்கு?'ன்னு கேட்டுப் பாருங்க, அதை வரவழைச்ச உங்களுக்கே பதில் தெரியாது. கையால வரையும்போது ஒவ்வொரு ஊரையும் நீங்கதான் முடிவு பண்றீங்க. அந்த முடிவுகள்தான் பின்னாடி கதையாகும், கேமாகும். நண்பர்களோட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடறவங்களுக்கு இது தெரியும். 'அந்தக் கணவாய் வழியா போனா என்ன ஆகும்?'னு யாராவது கேட்டா, பதில் சொல்ல வேண்டியது மேப் வரைஞ்சவர்தான்.

ஒரு வாரத் திட்டம்

ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும்.

* திங்கள்: பருப்புத் தீவு. அஞ்சு தடவை கொட்டி, பிடிச்ச ஒண்ணைத் தேர்ந்தெடுங்க.
* செவ்வாய்: தனித்தாளில் 30 மலை. பத்தாவது மலைக்கப்புறம் கை தானா பழகும்.
* புதன்: தீவில் முதுகெலும்புக் கோடு, மலை, ஆறு. எல்லாம் பென்சிலில்.
* வியாழன்: காற்றின் திசை, காடு, வறண்ட நிலம்.
* வெள்ளி: ஏழு ஊர்கள் மட்டும். ஒவ்வொண்ணுக்கும் 'ஏன் இங்கே?' ஒரு வரி. பேர்களுக்கு இடம் பிடிங்க.
* சனி: மை.
* ஞாயிறு: அழிங்க, திசைகாட்டி, கடல் பாம்பு, போட்டோ!

ரெண்டாவது மேப்: உங்க ஊர்

கற்பனைத் தீவு முடிஞ்சதா? அடுத்ததா உங்க சொந்த ஊரை, பாட்டி ஊரை அதே ஸ்டைலில் வரைங்க. கூகுள் மேப்பைப் பார்க்காம! தாத்தாவையோ பாட்டியையோ பக்கத்தில் உட்காரவெச்சு, 'அந்தக் காலத்துல இங்கே என்ன இருந்துச்சு?'ன்னு கேட்டுக்கிட்டே வரைங்க. ஒத்தப்பனைக் காடு, வண்ணான் துறை, நரி மேடு, மூடின கிணறு, இப்போ பஸ் ஸ்டாண்டா மாறிட்ட குளம்னு பேர்கள் வந்துக்கிட்டே இருக்கும். இந்த மாதிரி பேர்கள் பல போன் மேப்பில் கிடையாது. அதையெல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கும் மனுஷங்களோட சேர்ந்து அதுவும் போயிடும்.

'ஏன் இங்கே?'ங்கிற கேள்வி இங்கே இன்னும் நல்லா வேலை செய்யும். அந்தக் குளம் ஏன் அங்கே வெட்டினாங்க? மழைத்தண்ணி எந்தப் பக்கம் சரிஞ்சு வரும்? இப்போ மழை பெஞ்சா ஏன் அந்தத் தெருவில் மட்டும் தண்ணி நிக்குது? மேப்பில் ஓடையை வரைஞ்சதும் பதில் உங்களுக்கே தெரிஞ்சிடும்.

டிராகனை எங்கே வைக்கிறதுன்னு யோசிக்கவே வேணாம். 'உச்சி வெயில்ல அந்தப் பக்கம் போகாதே'ன்னு சின்ன வயசில் பயமுறுத்தின ஒரு புளியமரம் எல்லா ஊரிலும் இருக்கும். அங்கே வரைஞ்சிடுங்க!